எடை கூடியவர்கள் சைக்கிளைக் கைவிடாமல் ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

90 கிலோவுக்கு மேல் எடை உள்ள ஒருவர் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து, ஒன்றிரண்டு மாதத்தில் அதை மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டால், "மனசுல உறுதி இல்ல" என்று வீட்டில் சொல்வார்கள். அவரும் அதையே நம்பிவிடுவார். அவர் எந்த நாளில், எதற்குப் பிறகு விட்டார் என்று விசாரித்தால் காரணம் பெரும்பாலும் தொட்டுக் காட்டக்கூடியதாக இருக்கும். சீட்டில் மரத்துப்போன உடம்பு, அறுந்த ஸ்போக் கம்பி, தெருமுனையில் கேட்ட கிண்டல், மூன்று வாரமாக அசையாத எடை மெஷின், காய்ச்சலில் விட்டுப்போன பத்து நாள். ஏறக்குறைய இதே வரிசையில்தான் இவை வருகின்றன. முன்பே தெரிந்தால் தயாராக இருக்கலாம். அதனால் இந்த வழிகாட்டியும் ஏறக்குறைய அதே வரிசையில் போகிறது.

படி 1: டாக்டரிடம் ஒரு தடவை

மூச்சு வாங்கும்போதெல்லாம் "நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ" என்ற பயம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால் எந்த ஊக்கமும் நிற்காது. ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் ஈசிஜி எடுப்பது பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

மாத்திரைகள் விஷயத்தில் இரண்டு செய்திகள் முக்கியம். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓட்டும்போது சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். கை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்றல் வந்தால் இறங்கி 3 டீஸ்பூன் (சுமார் 15 கிராம்) சாப்பிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். அடுத்து, ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மெட்டோபுரோலால், அடினோலால் எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பு வழக்கம்போல் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை வைத்து உழைப்பை அளந்தால் தவறான கணக்கே வரும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது என்றால் உடனே நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.

படி 2: வண்டி தாங்க வேண்டும்

"நான் ஏறினால் வண்டி உடைந்துவிடும்" என்ற கூச்சம் பலருக்கு உண்டு. இதை மனதுக்குள் பேசித் தீர்க்க முடியாது, சக்கரத்தைச் சரிசெய்துதான் தீர்க்க வேண்டும்.

ஓட்டுபவர் எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல் விழுகிறது. பால் கேனும் அரிசி மூட்டையும் சுமந்த பழைய கறுப்பு சைக்கிளின் பின் சக்கரத்தில் 40 கம்பிகள். இன்று கடையில் அழகாகத் தொங்கும் பல வண்டிகளில் 28 அல்லது 32. 100 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் இரட்டைச் சுவர் ரிம்மும் பின்னால் 36 கம்பியும் உள்ள வண்டியைக் கேளுங்கள். 28 கம்பிச் சக்கரம் உள்ள வண்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பின் சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாங்கும் முன் அந்த மாடலின் அதிகபட்ச எடை வரம்பைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எண்ணில் வண்டியின் எடையும் சேர்ந்ததா, ஆள் எடை மட்டுமா என்றும் கேளுங்கள். வண்டியின் எடையான சுமார் 15 கிலோ வித்தியாசம் அதில் ஒளிந்திருக்கும்.

கம்பி அறுவதற்கு எடை மட்டும் காரணம் கிடையாது. தளர்வாக இருக்கும் கம்பி சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் இறுகி விடுபட்டு, வளைவில் களைத்து அறுகிறது. ஆகவே புது வண்டியில் முதல் 150 கிலோமீட்டர் ஓட்டியதும் கடையில் கொடுத்து எல்லாக் கம்பிகளையும் சமமாக முறுக்கி, கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கம்பி அறுந்தால் மாற்றுங்கள். இரண்டாவது, மூன்றாவது என்று தொடர்ந்தால் மற்றவையும் களைத்துவிட்டன என்று பொருள். ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தையும் மனதையும் கரைக்காமல் மொத்தக் கம்பியையும் மாற்றிச் சக்கரத்தைப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள்.

டயர் 38 மி.மீ.க்குக் குறையாத அகலம் இருக்கட்டும். 110 கிலோ எடைக்கு 40 மி.மீ. டயரில் பின்னால் 55 முதல் 65 பிஎஸ்ஐ காற்றழுத்தம், முன்னால் அதைவிட 10 குறைவாக என்று தொடங்கலாம். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. வாரம் ஒரு முறை காற்று அடியுங்கள். காற்று குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கினால் ரிம் ட்யூபைக் கடித்து, பாம்புக் கடி போல இரட்டை ஓட்டை விழும். ஒரே மாதத்தில் மூன்று பஞ்சர் வந்தால் "நமக்கு இது ஒத்துவராது" என்று தோன்றிவிடும். அளவு காட்டும் பம்பு ஒன்று வீட்டில் இருந்தால் அந்த எண்ணத்துக்கு இடமில்லை.

படி 3: உட்காரும் இடம்

முதல் வாரத்தில் விடுபவர்களில் பலரை விரட்டுவது சீட்தான். வலித்ததும் எல்லோரும் செய்வது, பஞ்சு மெத்தை போன்ற ஜெல் சீட் வாங்குவது. எடை கூடியவர்களுக்கு அது வலியை அதிகமாக்கும். உட்காரும் எலும்புகள் இரண்டும் மெத்தைக்குள் புதைந்து, நடுப்பகுதி மேலெழும்பி நரம்பையும் ரத்தக் குழாயையும் அழுத்தும். மரத்துப்போவது அதனால்தான்.

ஒரு நெளி அட்டையைக் கடினமான நாற்காலியில் போட்டு, முழங்கால் சற்று உயர இரண்டு நிமிடம் உட்காருங்கள். அட்டையில் விழும் இரண்டு குழிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தோடு 2 முதல் 3 செ.மீ. கூட்டினால் உங்களுக்கு வேண்டிய சீட் அகலம் கிடைக்கும். ஓரளவு கெட்டியான, நடுவில் பள்ளம் விட்ட சீட் நல்லது.

பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கினால் அதற்குள் ஜட்டி போடக் கூடாது. தையல் ஓரம்தான் தோலை அறுக்கும். தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். வந்ததும் கழற்றி அலசிவிடுங்கள், அதே ஷார்ட்ஸோடு உட்கார்ந்து காபி குடித்தால் கொப்புளம் வரும். மேலே தளர்வான அரைக்கால் சட்டையோ, குர்தாவோ போட்டுக்கொள்வதில் எந்தத் தவறும் இல்லை. 10 நிமிடத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்று 10 நொடி ஓட்டுங்கள்.

விழுந்துவிடும் பயத்தில் சீட்டை மிகவும் இறக்கி வைப்பார்கள். முதல் சில நாளுக்குப் பரவாயில்லை. பழகியதும் குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளும் உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள். தூக்காவிட்டால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், "எடையால் முட்டி போய்விட்டது" என்று பயம் வரும். வயிறு தொடையில் இடித்தால் ஹேண்டில் பாரை உயர்த்துங்கள். அப்படியும் இடித்தால் 170 மி.மீ. கிராங்குக்கு (பெடலைத் தாங்கும் கைக்கு) பதில் 160 அல்லது 165 மி.மீ. போட்டால் முட்டி மேலேறும் உயரம் குறையும்.

படி 4: முதல் இரண்டு வாரம்

தூரம் பார்க்காதீர்கள். 15 நிமிடம், வாரம் 4 நாள். 20 நிமிடம் ஓட்டும் தெம்பு இருந்தாலும் 15-இல் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் ஓட்டியிருக்கலாமே என்ற ஆசையோடு வீடு திரும்புவதுதான் இந்த நாட்களின் நோக்கம். மூன்றாவது வாரத்திலிருந்து வாரந்தோறும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 5 நிமிடம் கூட்டலாம்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல்: வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சு அறுந்தால் கியரைக் குறையுங்கள். கனமான கியரில் மிதித்துப் போராடுவது வீரமாகத் தெரியும், மறுநாள் முட்டி சொல்லும். லேசான கியரில் நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று மிதிப்பதை இலக்காக வையுங்கள்.

எப்போது, எங்கே, எதற்குப் பிறகு என்று முடிவை முன்கூட்டியே கட்டிவைப்பது உதவும் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையில் விரிவாக விளக்கினார். "நாளையிலிருந்து ஓட்டணும்" என்ற எண்ணம் காலை அலாரத்தில் கரைந்துவிடும். "பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்ததும் ஷூ போடுவேன்; மழை தூறினால் அதே நேரத்தில் மாடிப்படி பத்து நிமிடம் ஏறுவேன்" என்று ஒரு தாளில் எழுதுங்கள். முந்தின இரவே காற்று, தண்ணீர் பாட்டில், சாவி, ஷார்ட்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும். அதிகாலையில் எடுக்க வேண்டிய முடிவு எதுவும் மிச்சமிருக்கக் கூடாது.

பருத்த உடலிலிருந்து வெப்பம் மெதுவாகத்தான் வெளியேறும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வியர்வையும் எளிதில் ஆவியாகாது. அதனால் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். அதைத் தாண்டி ஓட்டும் நாட்களில் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டு உப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: தெருவின் பார்வை

"அண்ணே, பாத்து, டயர் வெடிச்சிடப் போவுது." இதைக் கேட்காத கனமான சைக்கிள்காரர் குறைவு. பெண்களுக்குக் கிண்டலோடு பின்தொடர்வதும் சேர்ந்துகொள்கிறது. இதெல்லாம் உங்கள் கற்பனை என்று சொல்வது பொய்.

ஆனாலும் நாம் எண்ணும் அளவுக்கு மற்றவர்கள் நம்மைக் கவனிப்பதில்லை என்பதற்கு ஆதாரம் உண்டு. 2000-இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில் மாணவர்களைச் சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டோடு ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். சாலையில் உங்களைத் தாண்டிப் போகும் பத்துப் பேரில் முக்கால்வாசிப் பேருக்கு அவரவர் கவலை.

மீதி உள்ளவர்களுக்காகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. முதல் மாதம் டீக்கடை வாசலும் பள்ளி முனையும் இல்லாத பாதையைத் தேர்ந்தெடுங்கள், இரண்டு தடவை அந்தப் பாதையில் ஸ்கூட்டரில் போய்ப் பாருங்கள். தெரியாதவர் கிண்டலுக்குப் பதில் சொல்லாதீர்கள், நிற்காதீர்கள். தெரிந்தவர் என்றால் ஒரே வாக்கியத்தை முன்பே தயாராக வையுங்கள்: "ஆமாண்ணே, அதான் ஓட்டுறேன்." அவ்வளவு போதும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் அந்த உரையாடல் நாள் முழுக்கத் தலைக்குள் ஓடும். பின்தொடரல், தொடுதல் என்றால் அது கிண்டல் இல்லை, குற்றம். கூட்டம் உள்ள கடைப் பக்கம் திரும்பிவிட்டு 112-ஐ அழையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களின் கேலி இதைவிட ஆழமாக வெட்டும். "ரெண்டு நாள் ஓட்டுவ, அப்புறம் துணி காயப்போடுவ" என்று சொல்பவரிடம் உறுதிமொழி கொடுக்காதீர்கள். வேலை ஒன்றைக் கொடுங்கள்: காலை அந்த அரை மணி நேரம் குழந்தையைப் பார்ப்பது, இட்லி ஊற்றி வைப்பது. உதவியில் பங்கு இருப்பவர் கேலியைக் குறைத்துக்கொள்வார்.

படி 6: எடை மெஷின்

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை அதிகம் பேரை உடைப்பது இதுதான். இங்கே கணக்கைப் புரிந்துகொள்வதைவிடப் பெரிய மன பலம் வேறு கிடையாது.

105 கிலோ எடை உள்ளவர் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் 1 மணி நேரம் நிதானமாக ஓட்டினால், சும்மா இருந்திருந்தாலும் செலவாகியிருக்கும் அளவைக் கழித்துவிட்டு, கூடுதலாகச் செலவாவது சுமார் 300 கலோரி. வாரம் 5 நாளுக்கு 1,500. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பது சுமார் 7,700 கலோரி. சாப்பாடு அப்படியே இருந்தால் 1 கிலோ குறைய 5 வாரத்துக்கு மேல் ஆகும். அதே 5 நாளும் அரை மணி நேரம்தான் என்றால் 10 வாரத்துக்கு மேல். அதாவது வாரத்துக்கு 100 முதல் 200 கிராம். இதே உடம்பு, குடித்த தண்ணீர், சாப்பிட்ட உப்பு, மலம், மாதவிடாய் ஆகியவற்றால் 1 முதல் 2 கிலோ வரை சாதாரணமாக ஏறி இறங்கும். அவ்வளவு ஆடும் எண்ணில் 200 கிராமைத் தினமும் தேடினால் கண்ணுக்குச் சிக்காது.

இன்னொன்றும் நடக்கிறது. உடற்பயிற்சி தொடங்கிய முதல் வாரங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. தசைகள் கிளைகோஜனை (சேமித்து வைக்கும் சர்க்கரையை) கூடுதலாகச் சேமிக்கின்றன, ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்கிறது. வலிக்கும் தசையிலும் நீர் தேங்குகிறது. ஆகவே கடுமையாக ஓட்டிய முதல் மாதத்தில் எடை ஏறுவதும் உண்டு. அது உடம்பு பயிற்சியை ஏற்றுக்கொண்டதன் அடையாளம். அதைத் தோல்வி என்று படித்துவிட்டுப் பலர் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள்.

எனவே முதல் 8 வாரத்துக்கு இப்படிச் செய்யுங்கள். எடையை வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து, சாப்பிடும் முன் மட்டும் பாருங்கள். நான்கு வாரச் சராசரியை அடுத்த நான்கு வாரச் சராசரியோடுதான் ஒப்பிட வேண்டும். எண்ணைப் பார்த்தாலே அன்றைய நாள் கெட்டுவிடும் என்பவர்கள் மெஷினை 8 வாரம் பரணில் போட்டுவிடலாம், ஒன்றும் குறையாது. அதற்குப் பதில் சீக்கிரம் அசையும் நான்கை நோட்டில் எழுதுங்கள். காலை எழும் முன் ஒரு நிமிட நாடித்துடிப்பு. தொப்புள் மட்டத்தில் இடுப்பளவு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஒரே 5 கி.மீ. பாதையை, பேசியபடி ஓட்டும் அதே உழைப்பில் முடிக்க ஆகும் நேரம். தூக்கம் எப்படி என்று ஒரு வார்த்தை. சர்க்கரை உள்ளவர்கள் ஓட்டிய நாளின் அளவையும் சேர்க்கலாம்: வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், எடை குறையும் முன்பே இந்த மாற்றம் தெரியும்.

சாப்பாடு பற்றி ஒன்று. ஓட்டி முடித்ததும் நண்பர்களோடு ஓட்டலில் நெய்ப் பொங்கலும் வடையும் சாப்பிடுவது நம் ஊர் சைக்கிள்காரர்களின் வழக்கம். அந்தத் தட்டு, ஒரு மணி நேரம் ஓட்டியதைவிடக் கூடுதலான கலோரி. அதற்காக முற்றாகத் தடை போட்டால், தடை உடையும் நாளில் சைக்கிளும் சேர்ந்து போகும். வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நாளில் புறப்படும் முன் ஒரு வாழைப்பழம், வந்ததும் வீட்டு இட்லி. "இன்று ஓட்டினேன், அதனால் சாப்பிடலாம்" என்ற பேரத்தை மட்டும் தொடங்காதீர்கள். அது சீக்கிரமே "இன்று சாப்பிட்டுவிட்டேன், அதனால் தண்டனையாக ஓட்ட வேண்டும்" என்று திரும்பும்.

படி 7: மேம்பாலமும் குழுவும்

குழுவோடு போகும் முதல் நாளில், மேம்பாலம் ஏறும்போது எல்லோரும் பிரிந்துபோக நீங்கள் மட்டும் தனியாக மூச்சிரைப்பீர்கள். அந்தக் காட்சிக்கு முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 110 கிலோ ஆளும் 15 கிலோ வண்டியும் சேர்ந்து 125. 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 136 வாட் வேண்டும். அதே 136 வாட்டில், அதே வண்டியில் 65 கிலோ ஆள் மணிக்கு 12 கி.மீ.க்கு மேல் ஏறிவிடுவார். இருவரின் காலும் நெஞ்சும் ஒரே உழைப்பைத்தான் கொடுத்திருக்கின்றன. சமதளத்தில், மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் போகும்போது பெரும் எதிரி காற்று. அங்கே எடையின் பங்கு ஏற்றத்தில் இருப்பதைவிட மிகக் குறைவு. பலமான கால் உள்ள கனமானவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற தட்டையான பாதையில் நன்றாகத் தாக்குப்பிடிப்பார்கள்.

ஏற்றத்துக்கு 50 மீட்டர் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பாதி ஏறி அழுத்தத்தில் மாற்றினால் செயின் கழலும். இறங்கித் தள்ளுவது முழுமையாக அனுமதிக்கப்பட்ட உத்தி. குழுவில் சேரும் முன் மூன்று கேள்வி: சராசரி வேகம் என்ன, பின்தங்குபவரோடு யாராவது இருப்பார்களா, எங்கே திரும்பி வரலாம்? பதில் தெளிவாக வராத குழுவுக்கு முதல் மூன்று மாதம் போக வேண்டாம்.

வேகப் போட்டி பிடிக்காதவர்களுக்குப் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் நீண்ட தூரத்தை முடிக்கும் சைக்கிள் பயணம், நல்ல இலக்கு. 200 கி.மீ.யை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும், முதலில் வந்தவர் என்று யாரையும் அறிவிப்பதில்லை. தமிழ்நாட்டிலும் இவை நடக்கின்றன. நிற்கும் நேரத்தையும் சேர்த்துச் சராசரி 15 கி.மீ. வேண்டும். அதற்குத் தொடர்ந்து ஒரு வருடப் பழக்கம் என்று வைத்துக்கொள்வது நியாயமான திட்டம்.

படி 8: விட்டுப்போன நாட்கள்

ஐப்பசி மழை, காய்ச்சல், கல்யாண வாரம், அலுவலக நெருக்கடி. இடைவெளி வரும். ஆபத்து இடைவெளியில் இல்லை, "எல்லாம் போச்சு, இனி எதுக்கு" என்று அதற்கு நாம் கொடுக்கும் அர்த்தத்தில் இருக்கிறது. உணவுக் கட்டுப்பாட்டில் ஒரு லட்டு சாப்பிட்டவர் பெட்டியையே காலி செய்வதும் இதே எண்ணத்தால்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரிடம் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு இங்கே உதவும். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு தடவை தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 21 நாள் என்று சொல்லித் தரப்படும் கணக்கை நம்பி 22-ஆம் நாள் ஏமாறாதீர்கள்.

தன்னைத் திட்டிக்கொண்டால்தான் திருந்துவோம் என்பது நம்மில் பலருக்குச் சிறுவயதிலிருந்தே பழகிய நம்பிக்கை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 2012-இல் வந்த ஆய்வு அதற்கு எதிராக இருக்கிறது. கடினமான தேர்வில் சறுக்கியவர்களில், தங்களிடம் கனிவாக இருக்கத் தூண்டப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தார்கள். செய்து பார்க்க எளிய முறை: இதே நிலையில் இருக்கும் உங்கள் தங்கைக்கோ நண்பனுக்கோ என்ன சொல்வீர்களோ அதை நோட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு, அடியில் அடுத்து ஓட்டப்போகும் நாளையும் மணியையும் எழுதுங்கள்.

திரும்பி வரும்போது அளவு இது. ஒரு வாரம் விட்டால் அதே நேரம், ஒரு கியர் லேசாக. இரண்டு முதல் நான்கு வாரம் என்றால் பாதி நேரம். ஒரு மாதத்துக்கு மேல் என்றால் படி 4-இன் 15 நிமிடத்திலிருந்து. காய்ச்சலுக்குப் பிறகு மாத்திரை இல்லாமலே காய்ச்சல் நின்று, படி ஏறும்போது வழக்கமான மூச்சு வந்த பின் மட்டும். டெங்கு, கொரோனா போன்றவை வந்திருந்தால் டாக்டர் சொல்லும் நாளில். விட்ட தூரத்தை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமை இரட்டிப்பாக ஓட்டுவதுதான் அடுத்த இடைவெளிக்குக் காரணமாகும்.

சோர்வு வேறு வகையாக இருந்தால்

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, இரவில் நிறுத்த முடியாமல் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறீர்கள், உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றுகிறது என்றால் இந்த வழிகாட்டியின் படிகள் போதாது. இவற்றுக்குச் சிகிச்சை உண்டு, எடையோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட வேண்டியவை இவை கிடையாது. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். மனநல டாக்டரிடம் போகும்போது வாரம் எத்தனை நிமிடம் ஓட்டுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், மருந்து நேரத்தை அதற்கேற்ப அமைக்க உதவும்.